முடிக்காமல் விட்ட கூப்பாடு

ஒரு கூப்பாட்டைத் தொடங்கி, ஊரையே பதில் சொல்ல வைத்து, முடிக்கிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கூப்பாடு எங்கே போகும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? காற்றோடு போய்விடும் என்பீர்கள். போகாது. எங்கள் ஏழுதெங்குத்துறையில் அது போகவில்லை. கால்பந்து கிரவுண்டுக்கு நேர் மேலே, தென்னை உயரத்தில், வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் நின்றது. அதைத் தொடங்கியவள் நான்தான். ரெஜிலா வீடு எது என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் காட்டுவார்கள். என் குரலைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்களும் காட்டுவார்கள்.

எங்களுக்குக் கூப்பாடு விளையாட்டிலிருந்து வரவில்லை, வலையிலிருந்து வந்தது. கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள்; முன்னால் ஒருவர் கூப்பிட, மற்றவர்கள் பதில் சொல்ல, அந்தப் பதிலின் மூச்சில்தான் வலை கரைக்கு ஏறும். என் அப்பா அப்படி முன்கூப்பாடு சொன்னவர். தொடங்கியவரே முடிக்க வேண்டும், வேறு யார் முடித்தாலும் செல்லாது. அவர் நீளமாக ஒரு ‘ஓ’ போட்டு நிறுத்தினால்தான் கைகள் கயிற்றை விடும். ஆனால் தண்ணீரில் ஆள் இருக்கும்போது மட்டும் முடித்துவிடக் கூடாது. வலைக்குப் பின்னால் நீந்தி வருகிறவன் மணலில் கால் ஊன்றுவதற்குள் முடித்துவிட்டால், கரையில் எல்லோரும் கைவிட்ட கயிறு அவனையும் சுருட்டிக்கொண்டு உள்ளே போகும். அப்படிப் போனவர்கள் பெயர் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, ஆள் இல்லை.

அந்தக் கூப்பாட்டைத்தான் அப்படியே கிரவுண்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் குழுவின் பெயரில் முதல் பாதியை நான் சொல்வேன், “வெள்ளீ!” என்று ஊர் மறுபாதியைச் சொல்லும். கிழக்கு வெளுக்கும் முன்பு கடலில் இருக்கிறவன் முதலில் தேடுகிற நட்சத்திரத்தின் பெயர் அது. முழுப் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்காதீர்கள், அதற்கு வருகிறேன்.

அன்றைக்கு செமி பைனல். என் வீட்டுக்காரர் சுபின் கோல் போஸ்டில் நிற்கிறார். என் இடுப்பில் எஸ்லின், பேச்சு வரத் தொடங்கிய வயது. அம்மா, தா, வெள்ளீ, இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பாஷை; அதிலும் அம்மாவை விட வெள்ளீயைத்தான் தெளிவாகச் சொல்வாள். எங்கள் பையன்கள் கோல் அடித்தார்கள். நான் முதல் பாதியைச் சொன்னேன், ஊர் பதில் சொன்னது. மறுபடி சொன்னேன், கோல் போஸ்டிலிருந்து சுபினும் பதில் சொன்னார். மறுபடியும் சொன்னேன், மதில்மேல் இருந்த காகங்களைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள். இனி ‘ஓ’ போட்டு முடிக்க வேண்டும் என்று மூச்சை இழுத்தபோது மைக் கரகரத்தது. குழுத் தலைவர் கிளீட்டஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“எல்லாருக்கும் ஒரு சந்தோசமான சேதி. இன்னைக்கு முதல் நம்ம குழு, ரோஸ்மாண்ட் ஐஸ் யுனைடெட் ஃபுட்பால் கிளப் என்ற புதுப் பேரோட களத்துல எறங்குது. கம்பெனிக்காரங்க நமக்கு லைட்டு போட்டுத் தராங்க, புல்லு போட்டுத் தராங்க, பையம்மாருக்கு பூட்ஸ் தராங்க. எல்லாரும் பலமா கைதட்டுங்க.”

எனக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், சுபினுக்கு நன்றாகவே தெரியும். இழுத்த மூச்சு இழுத்தபடி நின்றது. ‘ஓ’ வரவில்லை.

கூப்பாடும் இறங்கவில்லை.

முதலில் எதிரொலி என்றுதான் நினைத்தோம். ஆட்டம் முடிந்து, ஆட்கள் கலைந்து, கடலைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பிறகும் அது கிரவுண்டுக்கு மேலே “வெள்ளீ” என்று நின்றுகொண்டே இருந்தது. தேன்கூட்டைச் சுற்றித் தேனீ நிற்கிற மாதிரி, கொஞ்சம் கூடியும் கொஞ்சம் குறைந்தும், ஊர்க்குரல் அத்தனையும் ஒன்றாக. பக்கத்து வீட்டு ரோணிக்கா மாமி மீன்கூடையை இறக்கி வைத்து, அண்ணாந்து பார்த்து, “முடிக்காம விட்டியாட்டி? அப்போ அங்ஙனத்தான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். ஊரில் யாரும் அதைவிட அதிகமாக ஆச்சரியப்படவில்லை.

ஆச்சரியப்பட நேரம் எங்கே இருந்தது? பழகிக்கொள்ளவே நேரம் போதவில்லை. கிரவுண்டை ஒட்டிய வீட்டுக்காரர்கள் சத்தமாகப் பேசப் பழகினார்கள், பிறகு சத்தமாகவே சண்டை போடவும் பழகினார்கள். பங்குச்சாமி பூசையில் பிரசங்கத்தைச் சுருக்கினார், அதற்காகவே பலபேர் கூப்பாட்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கோழிகள் அதன் நிழலில் முட்டையிட மறுத்தன; குரலுக்கு ஏது நிழல் என்று கேட்காதீர்கள், கோழிக்குத் தெரிந்திருக்கிறது. விக்கல் எடுத்தவர்கள் அதன் கீழே போய் நின்றால் விக்கல் நின்றது. செமி பைனல் முடிந்த மறுநாள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினவர்களின் பெண்டாட்டிகள் சாயங்காலம் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கே வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து, அவ்வளவு குரலுக்குள் தன் ஆளின் குரலைத் தேடிப் பிடித்து, அது வந்துபோகிற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் அதனால் பெரிய லாபம். எங்கள் ஆட்கள் கரையைக் கணியம் வைத்துப் பிடிப்பார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னால் மலையும் ஒரே கோட்டில் வந்தால் இன்ன இடம் என்று கணக்கு. அந்தக் கணக்குக்குப் பெயர்தான் கணியம். பனி மூடலிலும் மழையிலும் கோபுரம் தெரியாது. இப்போது காதால் கணியம் வைத்தார்கள். கூப்பாடு இடது காதில் விழுந்தால் பாறை, வலது காதில் விழுந்தால் மணல்திட்டு, இரண்டு காதிலும் சமமாக விழுந்தால் வீட்டுச் சோறு. கடலில் இருந்தவர்களுக்கு இனி அதுதான் கயிறு.

இவ்வளவு பேருக்கு நல்லது செய்த அந்தக் கூப்பாடு எனக்கு மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டது.

செமி பைனல் அன்றைக்குச் சாயங்காலம் எஸ்லினைக் குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்பு பட்டது. வாயைத் திறந்தாள், முகம் சிவந்தது, கண்ணீர் வழிந்தது. சத்தம் இல்லை. கையைத் தட்டிப் பார்த்தேன், கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், அதிலும் சத்தம் இல்லை. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். குறை இல்லை என்று எனக்கும் தெரியும். கிரவுண்டில் போய் நின்றால், அந்தப் பெரிய இரைச்சலின் நடுவே, மீன்முள் மாதிரி மெல்லிசாக, என் மகளின் “வெள்ளீ” எனக்குக் கேட்டது. அவளிடம் இருந்ததே கொஞ்சம் குரல். அது முழுக்க மேலே மாட்டிக்கொண்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு ரோணிக்கா மாமியிடம் ஓடினேன். “நான் இப்பமே போய் முடிச்சிருதேன் மாமி.”

“முடிப்ப. தண்ணியில ஆள் இருக்காங்களா இல்லியா?”

கடலைப் பார்த்தேன். வள்ளங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. எங்கள் ஊரில் தண்ணீரில் ஆள் இல்லாத நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை என்றால்கூட யாராவது ஒருவர் நாள்கணக்கில் மீன்பிடிக்க ஆழத்தில் தங்கல் போட்டிருப்பார். திருநாளுக்கு ஒருநாள், பைனலுக்கு ஒருநாள், இந்த இரண்டுக்கும்தான் எல்லா வள்ளமும் கரையேறும். திருநாள் முடிந்துபோயிருந்தது.

“அப்போ பைனல் அன்னைக்கு” என்றேன்.

“இன்னொண்ணும் கேட்டுக்கோ மோளே” என்றார் மாமி. வெட்டுகிற மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போர்டுல பழைய பேரை அழிச்சாச்சு. ஜெர்சியையும் திருப்பி வாங்கிட்டாவ. அந்தப் பேரு இப்போ பூமியில எங்ஙனயும் இல்ல, மேல அந்தக் கூப்பாட்டுல மட்டும்தான் இருக்கு. நீ முடிச்சா பேரும் சேர்ந்து முடிஞ்சுரும் பாத்துக்கோ.”

“பேரா பிள்ளையான்னா, அதுல யோசிக்க என்ன மாமி இருக்கு?”

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வரும் வழியில் போர்டைப் பார்த்து நின்றுவிட்டேன். நீல நிறத்தில், கண்ணாடி மாதிரிப் பளபளவென்று ரோஸ்மாண்ட் ஐஸ் யுனைடெட் ஃபுட்பால் கிளப். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி கோல் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுவான்.

இதைச் சொன்னதற்குத்தான் சுபினுக்கும் எனக்கும் சண்டை. “பேரையா உடுத்தப்போற? காலுக்கு பூட்ஸ் தராம்லா. வெறும் காலோட எத்தனை நாளு சாடிப் பிடிக்கது?” என்று அவர் கேட்க, “பூட்ஸ் போட்டுட்டு நில்லுங்க, கூப்பிட ஆளு இருக்க மாட்டா” என்று நான் சொல்ல, அந்தக் கோபத்தோடேயே அவர் தங்கலுக்குக் கிளம்பினார். போகும்போது எஸ்லினின் உதட்டில் விரலை வைத்துப் பார்த்தார். “பைனலுக்குக் காலையில கரையில இருப்பேன். அதுக்கு முன்ன முடிச்சிராத பிள்ளே” என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்துபோனது.

சத்தமில்லாத குழந்தையை வளர்ப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பசித்தால் அழுவாள் என்று அடுப்பில் நிற்க முடியாது. காலில் கொலுசை மாட்டினேன், கையில் மணி கட்டினேன், இடுப்பில் சாவிக்கொத்தைக் கோத்துவிட்டேன்; தேர் மாதிரி நடந்தாள். ஒருநாள் மணிச்சத்தம் நின்றது. வாசலில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. கடலோரம் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்குப் பின்னால், ராத்திரி அலை தோண்டிவிட்டுப் போன குழியில், கழுத்து வரை தண்ணீரில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தாள் என் பிள்ளை. கையைப் பிடித்து இழுத்தபோது வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது, அழுகை வரவில்லை. எவ்வளவு நேரமாக அழைத்தாளோ. என் தலைக்கு மேலே, அவள் குரல் மற்ற எல்லாக் குரலோடும் சேர்ந்து சந்தோஷமாக “வெள்ளீ” என்று கூவிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் முடிவு செய்தேன். பைனல் அன்று முடித்தே தீருவது. அடுத்த திருநாள் வரை இவளை இப்படி வைத்திருக்க முடியாது.

பைனல் அன்று காலையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. நான் எஸ்லினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வள்ளத்தையும் போய்த் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் வந்துவிட்டன, சுபினும் அவர் கூட்டாளிகளும் போன வள்ளத்தைத் தவிர. நடுப்பகலுக்குள் தெற்கே மானம் கறுத்து, மழை கடலுக்குக் குறுக்கே சேலை கட்டித் தொங்கவிட்ட மாதிரி இறங்கியது. கோபுரத்தின் உச்சி மறைந்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை.

கிரவுண்டு நிறைந்திருந்தது. எதிரணி வந்து பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி மேனேஜர் தயாளன் சார் வெள்ளைச் சட்டையில் குடைக்குக் கீழே நின்றார். நல்ல மனுஷர், எஸ்லினுக்கு மிட்டாய்கூடக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“தலைவரே, ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி மேல இருக்கற அந்தச் சத்தம் நிக்கணும். மைக்கில எங்க கம்பெனிப் பேரைச் சொன்னா யாருக்கும் விழல. பழைய பேருதான் விழுது. இது சரியில்லன்னு மேலிடத்துல சொல்றாங்க. நிக்கலேன்னா நாங்க இன்னைக்கே விலகிக்கறோம்.”

கிளீட்டஸ் அண்ணன் என்னிடம் வந்தார். பையன்களுக்கு பூட்ஸ் வேண்டும் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர் அவர். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. “ரெஜிலா, நீயும் முடிக்கணும்னுதானே இருக்க? ஒனக்கு ஒன் மோளுக்க குரல் வேணும். எங்களுக்கு ஆட்டம் நடக்கணும். போடு ஒரு ‘ஓ’.”

“தண்ணியில ஆளு இருக்காவ அண்ணா.”

“அவன் துறைமுகத்துல ஒதுங்கியிருப்பான். மழைக்கு எங்கயாவது கரை பிடிச்சிருப்பான்.”

“நீங்க பாத்தீங்களா?”

அண்ணன் கடல் பக்கம் திரும்பினார். தயாளன் சார் குடையோடு கிட்டே வந்தார். “அம்மா, ஒரு சத்தத்துக்கும் கடல்ல இருக்கற ஆளுக்கும் என்ன சம்பந்தம்?” என்று உண்மையாகவே கேட்டார். அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சொன்னால் புரியாது என்பதற்காக இல்லை, சொல்ல வாயெடுத்தால் நடந்துவிடுமோ என்ற பயத்தில்.

எஸ்லின் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். பசி. வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தக் குழியில் பார்த்த அதே வாய். இன்று விட்டால் அடுத்த திருநாள். அதற்குள் எத்தனை குழி, எத்தனை அலை. உண்மையைச் சொல்கிறேன், என் மூச்சு தானாகவே மேலே ஏறியது. நெஞ்சு நிறைந்தது. உதடு குவிந்தது. இந்தப் பக்கம் இடுப்பில் மகள், அந்தப் பக்கம் மழைக்குப் பின்னால் அவள் அப்பா, நடுவில் ஒரே ஒரு எழுத்து.

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அதைப் பார்த்துவிட்டு கிளீட்டஸ் அண்ணன் மைக்கைப் பிடித்து அவரே நீளமாக “ஓ” போட்டார். தொடங்காதவர் முடித்தால் செல்லுமா? கூப்பாடு ஒரு தடவை நடுங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்த நடுக்கத்துக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். கூப்பாடு மெலிந்துகொண்டிருந்தது. மழை அதன்மேல் விழுந்து விழுந்து, நனைந்த பஞ்சு மாதிரி அது கனத்து, தென்னை உயரத்திலிருந்து கோல் போஸ்ட் உயரத்துக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற எங்களுக்கே மழைச் சத்தத்துக்கு அடியில்தான் கேட்டது. மழைக்கு அந்தப்புறம் இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும்? எந்தக் காதிலும் விழாமல், இடது பாறையா வலது மணல்திட்டா என்று தெரியாமல், அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள்?

முடிக்காத கூப்பாட்டின் மேலே இன்னொரு கூப்பாட்டை ஏற்றக் கூடாது என்று அப்பா சொல்வார். கயிறு தாங்காது. அப்பா சொன்னதில் அன்றைக்கு ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

எஸ்லினை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கிரவுண்டின் நடுவுக்கு நடந்தேன். புதுப் புல் காலில் குத்தியது. அந்தப் பெயரின் முதல் பாதியைக் கூப்பிட்டேன்.

யாரும் பதில் சொல்லவில்லை.

அவ்வளவு பேர் சுற்றி நின்று ஒருவர்கூடப் பதில் சொல்லாத சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பையன்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அவர்கள் அம்மாக்கள் பையன்களைப் பார்த்தார்கள். தயாளன் சார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். என் குரல் மட்டும் தனியாகப் போய், மழையில் மோதி, தனியாகத் திரும்பி வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன், குரல் உடைந்தது.

“வெள்ளீ...” என்று ஒரு கிழிந்த குரல் பின்னாலிருந்து வந்தது. ரோணிக்கா மாமி. தலையில் மீன்கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். “லேய், வாயில என்ன, ஐஸா வச்சிருக்கிய? தண்ணியில ஆளு கெடக்கான், சொல்லுங்கல!”

அடுத்த தடவை கூப்பிட்டபோது வளைகுடாக்காரர்களின் பெண்டாட்டிகள் சொன்னார்கள். அதற்கடுத்த தடவை பங்குச்சாமி சொன்னார். பிறகு கிளீட்டஸ் அண்ணன் மைக்கைக் கீழே வைத்தார், மைக் இல்லாமலே சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். பிறகு பையன்கள், ரோஸ்மாண்ட் ஐஸ் என்று நெஞ்சில் எழுதியிருந்த ஜெர்சிக்குள்ளிருந்து அந்தப் பழைய பெயரைக் கத்தினார்கள். எதிரணியும் கடற்கரைக்காரர்கள்தானே, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூப்பாட்டின் மேல் கூப்பாடு ஏறி, கோல் போஸ்டைத் தாண்டி, தென்னையைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி நின்றது. நாங்கள் எல்லோரும் இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தோம். உள்ளங்கையில் தோல் உரிந்தது, எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது.

மழைச் சேலை கிழிந்தது. வள்ளத்தின் மூக்கு தெரிந்தது. மிஷின் செத்துப்போய், தார்ப்பாயைப் பாயாகக் கட்டி, இரண்டு பக்கமும் பலகையால் துழாவிக்கொண்டு வந்தார்கள். கரைக்கு வருமுன் அலை ஒன்று வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. தலைகள் தண்ணீரில் தெரிந்தன, மறைந்தன, தெரிந்தன. “முடிக்காத! முடிக்காத!” என்று ஊரே என்னைப் பார்த்துக் கத்தியது. நான் எங்கே முடித்தேன்? தொண்டையில் ரத்த ருசி வர வர முதல் பாதியைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவர் மணலில் விழுந்தார். இன்னொருவர் விழுந்தார். கடைசியாக, மிஷினை விட மனமில்லாமல் அதையும் இழுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றார்.

“மணல்ல ஏறுங்க!” என்று கத்தினேன். “காலை மணல்ல வைங்க முதல்ல!”

வைத்தார்.

தலைகளைப் பார்த்தேன். எல்லாம் கரையில். கடல் காலியாக இருந்தது. எங்கள் கடல் அவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மேலே அண்ணாந்து அந்தப் பெயரை ஒரே ஒருமுறை முழுசாக, இரண்டு பாதியையும் நானே சொன்னேன். பிறகு ‘ஓ’ போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன், அந்த செமி பைனலில் இழுத்து வைத்த மூச்சு தீரும்வரை.

நின்றது.

காதில் பஞ்சு வைத்த மாதிரி ஆனது. தென்னையோலை அசைவதும், யாரோ மூக்குறிஞ்சுவதும் கேட்டன. ஊர் முழுக்க எஸ்லினைப் பார்த்தது. அவள் மேலே பார்த்தாள், யாரோ எதையோ பறித்துக்கொண்ட மாதிரி. கீழுதடு பிதுங்கியது. பிறகு பாருங்கள், இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் போட்டு ஒரு அழுகை அழுதாள், எதிரணி கோல்கீப்பர் காதைப் பொத்திக்கொண்டார். சுபின் ஈரத்தோடு ஓடிவந்து அவள் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். கடித்தாள். “கடிக்கதுக்கும் சத்தம் வருதுட்டி!” என்றார், சிரித்தார், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் நடந்தது. சுபின் புது பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் நின்றார், பெனால்டியைப் பிடித்தார், ஜெயித்தோம். ஜெயித்தபோது கூப்பிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. குரல் இருந்தது, பெயர்தான் இல்லை. மாமியைப் பார்த்தேன், மாமி உதட்டைப் பிதுக்கினார். கிளீட்டஸ் அண்ணன் நெற்றியைத் தட்டித் தட்டி யோசித்தார். தயாளன் சார்கூட, “அது என்னம்மா, நல்லா இருந்துச்சே அந்தப் பேரு, நானும் சேர்ந்து சொன்னனே” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். வெறும் கைதட்டல் மட்டும் கேட்டது, மந்திரிக்குத் தட்டுகிற மாதிரி. புதுப் பெயரைச் சொல்லிப் பார்த்தோம், முக்கால்வாசியில் மூச்சு வாங்கியது.

இன்றும் அப்படித்தான். வள்ளம் இறக்கும்போது கிழக்கே அந்த நட்சத்திரம் எழும்பும், ஆண்கள் பெயர் சொல்லாமல் விரலை நீட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் காதில் அலைச் சத்தமாகத்தான் விழுகிறது. எஸ்லின் ஒருத்திக்குத்தான் பாதி மிஞ்சியது. அவள் எங்களோடு இழுத்தாலும் அன்றைக்கு வாயால் பதில் சொல்லாதவள் ஆயிற்றே, கூப்பாடு முடிந்தபோது அவள் பங்கு மட்டும் அவளிடமே திரும்பி வந்துவிட்டது. பந்து கோலுக்குள் போனால் “வெள்ளீ!” என்று தனியாகக் கத்துகிறாள்; அவள் வாயில் கேட்டுத்தான் அந்தப் பாதியாவது எனக்குத் தெரியும். கத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், முதல் பாதி எங்கே அம்மா என்கிற மாதிரி. மோவாயைப் பிடித்து ஆட்டுகிறாள். நான் வேறு எங்கோ பார்க்கிறேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டதில் உங்கள் நாக்கு நுனியில் அது வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் கண்ணிலேயே தெரிகிறது. என்னிடம் சொல்ல வேண்டாம், என் காதில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிரவுண்டுக்கு வாருங்கள். மணல் பக்கத்துக் கார்னரில், காலில் கொலுசும் கையில் மணியுமாக ஒரு பிள்ளை நிற்பாள். குனிந்து, அவள் காதுக்குக் கிட்டே போய், அந்த முதல் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.